பகிர்ந்த ஃபைலில் இரண்டு ஜாப் ஒரே நேரத்தில் எழுதுவதைத் தடுப்பது எப்படி? (ஐபிஎம் மெயின்ஃப்ரேம் இசட்/ஓஎஸ்: சீக்வென்ஷியல், வீசாம், பிடிஎஸ்)

இரவுப்பணி:

வணக்கம். ஒரே சிஸ்பிளெக்ஸுக்குள் (சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் தொகுதி) இரண்டு எல்பார் (தனி இசட்/ஓஎஸ் ஓடும் மெயின்ஃப்ரேம் பிரிவு), டிஸ்க் எல்லாம் இரண்டுக்கும் பொது. மூன்று இடத்தில் எழுத்து மோதுகிறது.

ஒன்று, 80 பைட்டில் ஒரே ஒரு ரெக்கார்டு உள்ள சீக்வென்ஷியல் ஃபைல். கடைசியாகக் கொடுத்த பேட்ச் எண் அதில் இருக்கும். நாலு ஜாப் அதைப் படித்து, ஒன்றைக் கூட்டி, திரும்ப எழுதும். எல்லா ஜேசிஎல்லிலும் (ஜாப்பை விவரிக்கும் கட்டளை வரிகள்) டிஸ்ப்=ஷேர், அதாவது மற்றவர்களோடு பகிர்ந்து. சில சமயம் இரண்டு ஜாப்புக்கு ஒரே எண் போய்விடுகிறது. ஓல்ட் (தனக்கு மட்டும்) என்று மாற்றினால் ஜாப்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ராத்திரி பேட்சுக்கு ஒதுக்கிய நேரம் தாண்டிவிடும் என்று டீமில் பயம்.

இரண்டு, கஸ்டமர் மாஸ்டர் கேஎஸ்டிஎஸ் (கீ வைத்துத் தேடும் வீசாம் ஃபைல்), ஷேர்ஆப்ஷன்ஸ்(2,3). ஏ எல்பாரில் சிஐசிஎஸ் (ஆன்லைன் டிரான்சாக்ஷன்களை ஓட்டும் மென்பொருள்) அதை அப்டேட்டுக்குத் திறந்து வைத்திருக்கும். பி எல்பாரில் கோபோல் பேட்ச் ஐ-ஓவில் திறந்தால் ஃபைல் ஸ்டேட்டஸ் 93. "(3,3) ஆக்கிடுங்க, சரியாப் போயிடும்" என்கிறார் ஒருவர். செய்யலாமா?

மூன்று, கன்ட்ரோல் கார்டு பிடிஎஸ் (பல மெம்பர்களை உள்ளே வைத்திருக்கும் லைப்ரரி ஃபைல்). ஆபரேஷன்ஸில் இருப்பவர்கள் ஐஎஸ்பிஎஃப் எடிட்டில் (டெர்மினல் எடிட்டர்) மாற்றுகிறார்கள். அதே சமயம் ஒரு ஜாப் ஐஇபிஜெனர் (காப்பி யுடிலிட்டி) வைத்து வேறு மெம்பரை எழுதுகிறது. எப்போதாவது ஒரு மெம்பருக்குள் இன்னொரு மெம்பரின் வரிகள் இருக்கின்றன.

கன்சோல்3:

மூன்றும் ஒரே வேர்தான். இசட்/ஓஎஸ்ஸில் பூட்டப்படுவது ஃபைல் இல்லை, பெயர். 8 எழுத்து மேஜர் நேம், 255 பைட் வரை மைனர் நேம். இந்த ஜோடியை எக்ஸ்க்ளூசிவாகவோ ஷேர்டாகவோ கேட்பதற்குப் பெயர் என்க்யூ. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி: துண்டை மதிக்கிறவனுக்குத்தான் அது பூட்டு. அதே பெயரைக் கேட்காமல் நேரே போய் எழுதுகிறவனை எதுவும் நிறுத்தாது. அதனால் எந்த மோதல் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது: இரண்டு பேரும் ஒரே மேஜர் நேமைக் கேட்கிறார்களா, ஒரே எல்லைக்குள் கேட்கிறார்களா, எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் முதல் கேஸுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். டிடி கார்டில் (ஜேசிஎல்லில் ஒரு ஃபைலைக் குறிக்கும் வரி) ஓல்ட், நியூ, மாட் எதைப் போட்டாலும் இனிஷியேட்டர் (ஜாப்பைத் தொடங்கி ஓட்டும் சிஸ்டம் பகுதி) சிஸ்டிஎஸ்என் என்ற மேஜர் நேமில் அந்த டேட்டாசெட் (ஃபைல்) பெயரை எக்ஸ்க்ளூசிவாக எடுக்கும். ஷேர் போட்டால் ஷேர்டாக. (மாட் என்றால் "சும்மா கடைசியில் சேர்ப்பதுதானே, நாலு பேர் சேர்த்து எழுதலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் எக்ஸ்க்ளூசிவ்தான்.) ஆனால் டிஸ்ப்=ஷேர் என்பது படிப்பதற்கு மட்டும் என்ற உறுதிமொழி கிடையாது. ஷேரில் வாங்கி ஓபன் அவுட்புட் செய்தாலும் சீக்வென்ஷியல் ஃபைலில் ஓபன் வாயைத் திறக்காது. இரண்டு ஜாப்பும் முதல் பிளாக்கிலிருந்தே எழுதும். ஃபைல் எங்கே முடிகிறது என்பது வீடிஓசியில் (டிஸ்கின் உள்ளடக்கப் பட்டியல்) குளோஸின்போதுதான் பதிவாகும். கடைசியாக குளோஸ் செய்தவன் சொன்னதே கணக்கு. பெரிய ஃபைலாக இருந்தால் பாதி இவனுடையது, பாதி அவனுடையது என்று கலந்து கிடக்கும். அபெண்டும் (ஜாப் பாதியில் விழுவது) வராது, மெசேஜும் வராது.

உங்கள் ஃபைலில் நடப்பது இன்னும் எளிது. ஜாப் அ திறந்து 4471 படித்து மூடுகிறது. அவுட்புட்டுக்குத் திறக்குமுன் ஜாப் ஆ வந்து அதே 4471-ஐப் படிக்கிறது. இரண்டும் 4472 எழுதுகின்றன.

இப்போது ஓல்ட் போட்டால் ஆகும் தாமதம். பயம் நியாயமானதுதான், ஏனென்றால் இனிஷியேட்டர் ஸ்டெப் வாரியாகப் பூட்டுவதில்லை. ஜாப் தொடங்கும்போதே எல்லா ஸ்டெப்பிலும் உள்ள எல்லா டேட்டாசெட் பெயரையும் மொத்தமாகக் கேட்கும். முதல் ஸ்டெப்பில் ஷேர், ஆறாவது ஸ்டெப்பில் ஓல்ட் என்று இருந்தால், முதல் ஸ்டெப்பிலிருந்தே எக்ஸ்க்ளூசிவ். அந்தப் பெயரைக் கடைசியாகச் சொல்லும் ஸ்டெப் முடிந்தால்தான் விடும். மொத்தமாகக் கேட்பதால் ஒரு நன்மை: ஜேசிஎல்லில் உள்ள டேட்டாசெட்களை வைத்து இரண்டு ஜாப் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு டெட்லாக் ஆவதில்லை. விலை என்னவென்றால், ஒரு வினாடி வேலைக்கு ஒரு மணி நேரப் பூட்டு.

இசட்/ஓஎஸ் 2.1-லிருந்து ஜாப் கார்டில் டிஎஸ்என்க்யூஷேர் என்று ஒன்று வந்திருக்கிறது. ஓல்ட் கேட்ட கடைசி ஸ்டெப் முடிந்ததும் பூட்டை ஷேர்டாக இறக்கும். ஆனால் ஓல்ட் ஸ்டெப் நடுவிலோ கடைசியிலோ இருந்தால் அதற்கு முந்தைய நேரத்துக்கு இது உதவாது.

நான் செய்யச் சொல்வது இது. அந்த டிடியை நாலு ஜேசிஎல்லிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எண் எடுக்கும் சப்ரொட்டீனுக்குள் பிபிஎக்ஸ்டபிள்யூடிஒய்என்-ஐ கால் செய்து (நிரலுக்குள்ளிருந்தே டேட்டாசெட்டை அலகேட் செய்யும் ரொட்டீன், கோபோலிலிருந்தே கால் செய்யலாம்) ஓல்டில் டைனமிக்காக அலகேட் செய்யுங்கள், படியுங்கள், எழுதுங்கள், மூடுங்கள், ஃப்ரீ செய்யுங்கள். பூட்டு ஒரு வினாடிக்கும் குறைவாகத்தான் இருக்கும். வேறு யாராவது பிடித்திருந்தால் டைனமிக் அலகேஷன் காத்திருக்காது, உடனே தோற்கும்: ரிட்டர்ன் கோடின் மேல் இரண்டு பைட்டில் ஹெக்ஸ் 0210 இருக்கும் (டெசிமலில் அச்சடித்தால் 34603008 என்று தெரியும்). அந்தக் கோடுக்கு மட்டும் இரண்டு வினாடி நின்று மறுபடி முயலுங்கள். வேறு எந்தக் கோடு வந்தாலும் உடனே அபெண்ட். முயற்சிக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், முப்பது போதும். முடிவில்லாத லூப் வைத்தால் ஆபரேட்டர் உங்களைத்தான் எழுப்புவார்.

டிடியை எடுக்கச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஜேசிஎல்லில் அது ஷேராக இருக்கும்வரை நாலு ஜாப்பும் சிஸ்டிஎஸ்என்னை ஷேர்டாகப் பிடித்திருக்கும். உள்ளே போய் ஓல்ட் கேட்டால் அது அந்த ஷேர்டு பூட்டை எக்ஸ்க்ளூசிவாக ஏற்றச் சொல்வது. மற்ற மூவரும் ஷேர்டாக வைத்திருக்கும்போது யாருக்கும் ஏறாது. நாலு பேரும் முப்பது தடவை முயன்று நாலு பேரும் விழுவார்கள்.

நிரலைத் தொட அனுமதி இல்லை என்றால் இன்னொரு குறுக்கு வழி: ஜேஇஎஸ்2-வில் (ஜாப் வரிசையை நிர்வகிக்கும் பகுதி) ஜாப்டெஃப் டியூப்ல்_ஜாப்=டிலே என்பதுதான் இயல்பு அமைப்பு. ஒரே ஜாப் பெயரில் இரண்டு ஜாப் ஒரே நேரத்தில் ஓடாது. மோதக்கூடியவற்றுக்கு ஒரே பெயர் கொடுத்தால் அவை தானாக வரிசைப்படும். அழகான தீர்வு இல்லை, வேலை செய்யும். ஷெட்யூலரில் ரிசோர்ஸ் ஒன்றை எக்ஸ்க்ளூசிவாக வரையறுப்பது இதைவிட நல்லது: காத்திருக்கும் ஜாப் ஷெட்யூலரில் நிற்கும், இனிஷியேட்டரை அடைத்துக்கொண்டு நிற்காது.

சிஐ_ஸ்ப்ளிட்:

இரண்டாவது கேஸ். (3,3) வேண்டாம். அதைச் சொன்னவரிடம் ரெக்கவரி யார் செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷேர்ஆப்ஷன்ஸில் முதல் எண் கிராஸ் ரீஜன் (ஜாப்களுக்கிடையே), இரண்டாவது கிராஸ் சிஸ்டம் (சிஸ்டங்களுக்கிடையே). "இரண்டு எல்பார் இருக்கிறதே, அப்போ இரண்டாவது எண்தானே நமக்கு" என்று பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஜிஆர்எஸ் (என்க்யூக்களை எல்பார்களுக்கிடையே பகிரும் பகுதி) வளையத்துக்குள் இருக்கும் எல்பார்களுக்கு முதல் எண்தான் பொருந்தும். ஜிஆர்எஸ்ஸுக்கு வெளியே இருந்து அதே டிஸ்கைத் தொடும் சிஸ்டத்துக்குத்தான் இரண்டாவது. அதில் 3, 4 இரண்டே மதிப்புகள், இரண்டிலும் வீசாம் உங்களைக் காப்பாற்றாது.

முதல் எண் 1 என்றால் ஒரு ரைட்டர், அல்லது எத்தனை ரீடர் வேண்டுமானாலும். இரண்டும் சேர்ந்து கிடையாது. 2 என்றால் ஒரு ரைட்டர், கூடவே ரீடர்கள். ரீடர் பார்ப்பது பழசாக இருக்கலாம், அது உங்கள் பொறுப்பு. 3 என்றால் வீசாம் கையைக் கழுவிவிடுகிறது. 4 என்றால் கீ கொடுத்து நேரடியாகப் படிக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பஃபரைப் புதிதாக டிஸ்கிலிருந்து எடுக்கும், அவ்வளவே. எழுதுபவர்கள் தங்களுக்குள் என்க்யூ போட்டுக்கொள்ள வேண்டியது அப்போதும் நிரலின் வேலை. 4-ஐ மந்திரம் மாதிரி பரிந்துரைப்பவர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

உங்கள் 93 என்பது பூட்டு சரியாக வேலை செய்ததன் அடையாளம். ஜாப் லாகில் ஐஇசி161ஐ 052-084 இருக்கும் பாருங்கள். ஏசிபி எரர் 168. சிஐசிஎஸ் ரைட்டராக இருக்கிறது, இரண்டாவது ரைட்டருக்கு இடமில்லை என்று வீசாம் சிஸ்வீசாம் என்க்யூ மூலம் சொல்கிறது. 97 வந்தால் குழம்ப வேண்டாம், அதற்கும் பூட்டுக்கும் சம்பந்தமில்லை: முன்பு சரியாக மூடப்படாத ஃபைலை வெரிஃபை செய்து திறந்தாயிற்று என்று பொருள்.

3 போட்டால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். சிஐ (கன்ட்ரோல் இன்டர்வல், வீசாம் ஒரே தடவையில் படித்து எழுதும் துண்டு) அளவு 4096 பைட், ரெக்கார்டு 200 பைட், எல்லாம் ஒரே நீளம். கட்டுப்பாட்டு விவரங்களான சிஐடிஎஃப் 4 பைட், இரண்டு ஆர்டிஎஃப் 6 பைட் போக மீதி 4086. ஒரு சிஐயில் 20 ரெக்கார்டு. வீசாம் டிஸ்கில் எழுதுவது ரெக்கார்டு அளவில் இல்லை, சிஐ அளவில். சிஐசிஎஸ் தன் பஃபரில் ஐந்தாவது ரெக்கார்டின் முகவரியை மாற்றுகிறது. பேட்ச் அதே சிஐயைத் தன் பஃபருக்கு ஏற்கெனவே எடுத்து பன்னிரண்டாவது ரெக்கார்டின் பாக்கியை மாற்றுகிறது. யார் பிந்தி எழுதுகிறாரோ அவருடைய 4096 பைட் நிற்கும். மற்றவருடைய மாற்றம் போச்சு. இரண்டு பேரும் தொட்டது வெவ்வேறு கஸ்டமர் என்பதால் நிரலில் எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. இது மிதமான கேஸ். ஒருவர் சிஐ ஸ்ப்ளிட் செய்து பாதி ரெக்கார்டுகளை வேறு சிஐக்கு நகர்த்தியபின் மற்றவர் தன் பழைய சிஐயை எழுதினால், ஒரே கீ இரண்டு இடத்தில் இருக்கும், அல்லது இன்டெக்ஸ் வழியாகப் போனால் சில ரெக்கார்டு கிடைக்காது. ஐடிகாம்ஸ் எக்ஸாமின் (வீசாம் ஃபைலைச் சோதிக்கும் கமாண்ட்) ஓட்டும்வரை வெளியே தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. ராத்திரியில் சிஐசிஎஸ் ஃபைலை மூட முடியுமானால் கன்சோலில் இந்தக் கமாண்டால் மூடுங்கள்:

எஃப் சிஐசிஎஸ்பிஆர்1,செம்ட் செட் ஃபைல்(கஸ்ட்மாஸ்) குளோஸ்டு

பேட்ச் முடிந்தபின் ஓபன், எனேபிள்டு. மூடும் கோரிக்கை, அந்த ஃபைலைப் பயன்படுத்தும் டாஸ்க்குகள் முடியும்வரை காத்திருக்கும். ஃபோர்ஸ் போட்டால் அவற்றை அடித்துவிட்டு மூடும்; மாத முடிவில் ஃபோர்ஸைப் பழக்கமாக்காதீர்கள். பேட்ச் ஜேசிஎல்லில் கிளஸ்டர் பெயருக்கு டிஸ்ப்=ஓல்ட் போடுங்கள். ஃபைல் டெஃபினிஷனில் டேட்டாசெட் பெயர் கொடுத்திருந்தால் சிஐசிஎஸ் திறக்கும்போது தானே டைனமிக்காக ஷேரில் அலகேட் செய்யும், மூடும்போது விட்டுவிடும். ஆகவே சிஐசிஎஸ் விடும்வரை பேட்ச் தொடங்காது. பேட்ச் ஓடும்போது யாராவது ஆன்லைனில் திறக்கப் பார்த்தால் அலகேஷனிலேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் கதவு.

மூடவே முடியாது, 24 மணி நேரமும் ஆன்லைன் வேண்டும் என்றால் ஆர்எல்எஸ் (ரெக்கார்டு அளவில் பகிர்தல்). அதைத் தனியாக எழுதுகிறேன், நீளம்.

பழைய_பிடிஎஸ்:

மூணாவது கேஸ் எனக்கு. ஐஎஸ்பிஎஃப் எடிட், டேட்டாசெட்டை ஷேர்லதான் அலகேட் பண்ணும். மெம்பரைக் காக்க அது எஸ்பிஎஃப்எடிட்னு வேற ஒரு மேஜர் நேம்ல என்க்யூ போடும். மைனர் நேம் 44 எழுத்து டேட்டாசெட் பெயர், அதோட 8 எழுத்து மெம்பர் பெயர். சேவ் பண்றப்போ டைரக்டரிக்காக டேட்டாசெட் பெயரை மட்டும் வச்சு இன்னொண்ணு. ஐஎஸ்பிஎஃப் உள்ளே இருக்கிற எல்லாரும் இதை மதிப்பாங்க. ஐஇபிஜெனருக்கு எஸ்பிஎஃப்எடிட்னா என்னன்னே தெரியாது. அது ஷேர்ல வந்து எழுதிட்டுப் போயிடும்.

பிடிஎஸ்ல புது மெம்பர் எப்பவும் கடைசி மெம்பருக்குப் பின்னாடி இருக்கிற காலி இடத்துலதான் எழுதப்படும். டைரக்டரியில பெயரும் ஆரம்ப இடமும் ஏறுறது கடைசியில, ஸ்டோ நேரத்துல. ரெண்டு பேர் ஒரே காலி இடத்துல ஆரம்பிச்சா ரெண்டு டைரக்டரி என்ட்ரியும் ஒரே டிராக்கைக் காட்டும். நீங்க சொன்ன "ஒரு மெம்பருக்குள்ளே இன்னொரு மெம்பரோட வரி" அதுதான். ரெண்டு ஜாப் ஷேர்ல அவுட்புட்டுக்குத் திறந்தா பல சமயம் ரெண்டாவது ஜாப் எஸ்213-30ல விழும். அந்த அபெண்ட் வந்தா கோபப்படாதீங்க, அது உங்களைக் காப்பாத்துது.

உடனடி மருந்து: ஐஇபிஜெனர் ஸ்டெப்ல டிஸ்ப்=ஓல்ட். எடிட்ல யாராவது உட்கார்ந்திருந்தா ஜாப் நிக்கும், ஜாப் ஓடினா எடிட்ல போறவங்களுக்கு "டேட்டா செட் இன் யூஸ்"னு வரும். அந்த இடத்துல பிஎஃப்1 அழுத்தினா யார் பிடிச்சிருக்காங்கன்னு பெயரோட காட்டும், நிறைய பேருக்குத் தெரியறதில்லை.

ஜாப் நிக்கக் கூடாதுன்னா பேட்ச்லயே ஐஎஸ்பிஎஃப் ஓட்டி (ஐகேஜேஇஎஃப்டி01ல ஐஎஸ்பிஸ்டார்ட்) எல்எம்இனிட்ல என்க்யூ(ஷேர்டபிள்யூ) குடுத்து எல்எம்எம்ரெப்ல மெம்பரை மாத்துங்க. அப்போ உங்க ஜாப்பும் எஸ்பிஎஃப்எடிட் பேசும்.

நிரந்தர மருந்து பிடிஎஸ்இ (பிடிஎஸ்ஸோட புது வடிவம்). வேற வேற மெம்பரை ஒரே நேரத்துல எழுதலாம், கம்ப்ரெஸ்ஸும் (பழைய மெம்பர்களோட இடத்தை மீட்கறது) தேவையில்லை. ஒரே மெம்பரை ரெண்டு பேர் எழுதினா கடைசியா எழுதினவர் ஜெயிப்பார், அதுக்கு இது காவல் இல்லை. ரெண்டு எல்பார்லயும் ஐஜிடிஎஸ்எம்எஸ் மெம்பர்ல பிடிஎஸ்இஷேரிங்(எக்ஸ்டெண்டட்) இருக்கணும். சிஸ்பிளெக்ஸுக்கு வெளியே இருக்கிற சிஸ்டம் அந்த பிடிஎஸ்இயில எழுதவே கூடாது, உடைஞ்சிடும்.

பிடிஎஸ்ஸாவே வச்சிருந்தா ஐஇபிகாப்பி கம்ப்ரெஸ்ஸை ஷேர்ல ஓட்டுற ஜேசிஎல் எங்கேயாவது ஒளிஞ்சிருக்கான்னு ஒரு தடவை தேடிடுங்க. படிச்சுட்டிருக்கிற ஜாப்போட காலடியிலேயே மெம்பரை நகர்த்தும் அது.

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. முதல் ஃபைலுக்கு டெஸ்டில் ஓல்ட் போட்டு, டி ஜிஆர்எஸ்,ரெஸ்=(சிஸ்டிஎஸ்என்,பிராட்.சிடிஎல்.பேட்ச்நம்) என்று பார்த்தேன். ஏ எல்பாரில் ஜாப் அ எக்ஸ்க்ளூசிவ், ஓன். பி எல்பாரில் அதே கமாண்ட் போட்டால் ஜாப் ஆவும் எக்ஸ்க்ளூசிவ், ஓன்! இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும்? கஸ்டமர் மாஸ்டருக்கு எஸ்=சிஸ்டம்ஸ் என்று வருகிறது, இதற்கு மட்டும் எஸ்=சிஸ்டம்.

ஆர்என்எல்:

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. எஸ்=சிஸ்டம் என்றால் அந்தப் பூட்டு அந்த எல்பாருக்குள் மட்டும். மற்ற எல்பாருக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. எஸ்=சிஸ்டம்ஸ் என்றால் ஜிஆர்எஸ் முழுக்க.

அலகேஷன், சிஸ்டிஎஸ்என்னை எப்போதும் சிஸ்டம் எல்லையில்தான் கேட்கும். அதை சிஸ்டம்ஸாக உயர்த்துவது ஜிஆர்எஸ்ஸின் இன்க்ளூஷன் லிஸ்ட். ஐபிஎம் தரும் இயல்பு லிஸ்டிலேயே சிஸ்டிஎஸ்என் இருக்கிறது. உயர்த்தியபின் எக்ஸ்க்ளூஷன் லிஸ்டைப் பார்க்கும். அதில் பெயர் பொருந்தினால் மறுபடி உள்ளூராக இறங்கிவிடும். உங்களுக்கு இன்க்ளூஷன் சரியாக இருக்கிறது, மாஸ்டர் ஃபைல் அதற்குச் சாட்சி. எக்ஸ்க்ளூஷனில்தான் கல் இருக்கிறது. டி ஜிஆர்எஸ்,ஆர்என்எல்=ஆல் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி ஒரு வரி கண்ணில் படும்:

ஆர்என்எல்டெஃப் ஆர்என்எல்(எக்ஸ்க்ல்) டைப்(ஜெனரிக்) க்யூநேம்(சிஸ்டிஎஸ்என்) ஆர்நேம்('பிராட்.சிடிஎல்')

ஜெனரிக் என்றால் தொடக்க எழுத்துகள் பொருந்தினாலே போதும். பிராட்.சிடிஎல் என்று தொடங்கும் அத்தனையும் உள்ளூர். இப்படி ஒரு வரி யாரோ விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை: ஒவ்வொரு எல்பாரிலும் தனி டிஸ்கில் ஒரே பெயரில் ஒரு டேட்டாசெட் இருந்தால், வெவ்வேறு ஃபைலாக இருந்தும் பெயர் ஒன்று என்பதால் ஜாப்கள் வீணாகக் காத்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் எக்ஸ்க்ளூஷன். பிறகு டிஸ்க் பொதுவாகிறது, வரி அங்கேயே தங்கிவிடுகிறது.

வரியை எடுக்குமுன் அதே முன்னொட்டில் இன்னும் தனித்தனி டிஸ்கில் இருக்கும் டேட்டாசெட் உண்டா என்று இரண்டு கேட்டலாகிலும் பாருங்கள். இருந்தால் ஜெனரிக்கை நீக்கி, அந்தப் பெயர்களை மட்டும் ஸ்பெசிஃபிக்காகப் போடுங்கள். ஜிஆர்எஸ்ஆர்என்எல் மெம்பர் எல்லா சிஸ்டத்துக்கும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு செட் ஜிஆர்எஸ்ஆர்என்எல்=எக்ஸ்எக்ஸ். பாதிக்கப்படும் பெயரை அந்நேரம் யாராவது பிடித்திருந்தால் மாற்றம் நிற்கும், புதிதாகக் கேட்பவர்களும் நிற்பார்கள். அந்த ஜாப்கள் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி துவக்குவது) தேவையில்லை.

இது சரியாகும்வரை கன்சோல்3 சொன்ன பிபிஎக்ஸ்டபிள்யூடிஒய்என் வழியும் எல்பார் தாண்டி காக்காது. அதுவும் இதே சிஸ்டிஎஸ்என்தான்.

சொந்தமாக என்க்யூ எழுதுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மேக்ரோவில் சிஸ்டம்ஸ் என்று எல்லை கொடுக்காவிட்டால் அது ஒரு எல்பாருக்குள் அடங்கிய பூட்டு. மேஜர் நேம் சிஸ்ஏ முதல் சிஸ்இசட் வரை தொடங்கக் கூடாது, அவை சிஸ்டத்துக்கு ஒதுக்கியவை. மைனர் நேமின் நீளமும் எல்லா நிரலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 8 பைட், இன்னொருவர் பின்னால் வெற்றிடம் சேர்த்து 44 பைட் என்று கொடுத்தால் ஜிஆர்எஸ் கண்ணுக்கு அவை இரண்டு பெயர். ஒரே டாஸ்க் விடாமலே இரண்டாம் முறை கேட்டால் எஸ்138. எடுக்காததை விட்டால் எஸ்130. இரண்டு பெயர் வேண்டுமென்றால் ஒரே என்க்யூவில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், தனித்தனியாகக் கேட்டால்தான் டெட்லாக்.

எக்ஸெக் சிஐசிஎஸ் என்க்யூவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அந்த சிஐசிஎஸ் ரீஜனுக்குள் மட்டும். என்க்யூமாடல் வரையறுத்தால் மற்ற ரீஜன்களுக்கும் போகும். பேட்ச் ஜாப் அதைப் பார்க்கவே பார்க்காது.

கன்சோல்3:

சிஐ_ஸ்ப்ளிட் சொன்ன குளோஸ் கமாண்டை யாரும் பேட்ச் ஜேசிஎல்லுக்குள் கமாண்ட் ஸ்டேட்மென்டாகப் போட்டுவிடாதீர்கள். அது ஸ்டெப் வரிசையில் ஓடாது. ஜேசிஎல் கன்வெர்ட் ஆகும்போதே ஓடிவிடும். சாயங்காலம் சப்மிட் ஆன ஜாப் இனிஷியேட்டருக்காகக் காத்திருக்கும்போதே ஆன்லைன் ஃபைல் மூடிக் கிடக்கும். ஒரே ஜாப்பில் மேலே குளோஸ், கீழே ஓபன் என்று எழுதினால் இரண்டும் முதல் ஸ்டெப்புக்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். மூடுவது ஒரு ஜாப், மூடியதா என்று பார்ப்பதும் அதே ஜாப்பில் (கமாண்ட் போய்ச் சேர்ந்தது என்பதால் ஃபைல் மூடிவிட்டது என்று ஆகாது), அது சரியாக முடிந்தால் மட்டுமே ஷெட்யூலர் பேட்சை விட வேண்டும்.

சிஐ_ஸ்ப்ளிட்:

ஆர்எல்எஸ் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். இதில் வீசாம் ஃபைலைத் திறப்பது உங்கள் ரீஜன் இல்லை, ஒவ்வொரு எல்பாரிலும் ஓடும் எஸ்எம்எஸ்வீசாம் என்ற அட்ரஸ் ஸ்பேஸ். பூட்டு ரெக்கார்டு அளவில், கப்ளிங் ஃபெசிலிட்டியில் (எல்பார்கள் பகிரும் பொது நினைவகம்) ஐஜிடபிள்யூலாக்00 என்ற ஸ்ட்ரக்சரில் இருக்கும். மேலே சொன்ன ஐந்தாவது, பன்னிரண்டாவது ரெக்கார்டு கதை இங்கே மோதாது. ஷேர்ஆப்ஷன்ஸை ஆர்எல்எஸ் ஓபன்கள் கண்டுகொள்வதில்லை.

முன்தேவை: டேட்டாசெட் எஸ்எம்எஸ் (டிஸ்க் இடத்தை சிஸ்டமே கவனிக்கும் முறை) நிர்வாகத்தில் இருக்க வேண்டும், அதன் ஸ்டோரேஜ் கிளாஸில் கேஷ் செட் பெயர் இருக்க வேண்டும், டேட்டாசெட்டுக்கு லாக் பண்பு வரையறுத்திருக்க வேண்டும். பேட்ச் டிடியில் ஆர்எல்எஸ்=என்ஆர்ஐ (பூட்டாமல் படிப்பது) அல்லது சிஆர் (பூட்டிப் படிப்பது).

பலர் தடுக்கி விழும் இடம் அந்த லாக் பண்பு. லாக்(நன்) என்றால் சிஐசிஎஸ், பேட்ச் இரண்டும் ஆர்எல்எஸ்ஸில் எழுதலாம், ஆனால் பேக்அவுட் (பாதியில் தோற்றால் மாற்றங்களை அழித்துப் பழையபடி ஆக்குவது) கிடையாது. கஸ்டமர் மாஸ்டர் என்பதால் உங்களுடையது பெரும்பாலும் லாக்(அன்டூ) அல்லது லாக்(ஆல்) ஆகத்தான் இருக்க வேண்டியிருக்கும். அதில் சாதாரண பேட்ச் ஆர்எல்எஸ்ஸில் படிக்கலாம், எழுத முடியாது. எழுத டிரான்சாக்ஷனல் வீசாம், அதாவது டிஎஃப்எஸ்எம்எஸ்டிவிஎஸ் வேண்டும். அது தனி உரிமத்தில் வருவது. பேட்ச் நிரலில் கமிட் புள்ளிகளும் வைக்க வேண்டும். லட்சம் ரெக்கார்டை ஒரே கமிட்டில் மாற்றினால் அத்தனை பூட்டும் கையிலேயே இருக்கும், ஆன்லைன் டாஸ்க்குகள் டைம்அவுட்டில் விழும்.

டிவிஎஸ் இல்லாதவர்கள் பாதி வழி போகலாம்: பகலில் எல்லா சிஐசிஎஸ்ஸும் ஆர்எல்எஸ், ராத்திரி செம்ட் செட் டிஎஸ்நேம்(...) குவைஸ்டு. ஒரு கமாண்ட், சிஸ்பிளெக்ஸில் உள்ள எல்லா சிஐசிஎஸ் ரீஜனும் அந்த ஃபைலை மூடும். ரீஜன் ரீஜனாகப் போய்த் தட்ட வேண்டாம். பிறகு பேட்ச் பழைய முறையில் திறந்து எழுதும். முடிந்ததும் அன்குவைஸ்டு. அதை மறந்தால் காலையில் ஆர்எல்எஸ் ஓபன் எல்லாம் தோற்கும், பூட்டுத் தகராறு மாதிரியே தெரியும்.

ஷேர்ஆப்ஷன்ஸை என்றைக்காவது மாற்றினால் ஐடிகாம்ஸ் ஆல்டரை கிளஸ்டர் பெயரில் போடாதீர்கள். டேட்டா பெயருக்கு ஒன்று, இன்டெக்ஸ் பெயருக்கு ஒன்று. முடிந்ததும் லிஸ்ட்கேட் ஆலில் இரண்டின் ஷ்ராப்ட்ன்ஸும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய_பிடிஎஸ்:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஓல்ட் போட ஆரம்பிச்சா அடுத்த புகார் "ஜாப் ஓடவே இல்லை"ன்னு வரும். லாக்ல ஐஇஎஃப்861ஐ, கூடவே ஐஇஎஃப்099ஐ "வெயிட்டிங் ஃபார் டேட்டா செட்ஸ்" இருந்தா யாரோ பிடிச்சிருக்காங்க. பாதி நேரம் அது இன்னொரு ஜாப் இல்லை; டிஎஸ்ஓல (டெர்மினல் செஷன்) ஃபைலை பிரவுஸ் பண்ணிட்டு அப்படியே சாப்பிடப் போனவர். பிரவுஸும் ஷேர்டு பூட்டுதான், ஓல்டுக்கு அது போதும் நிறுத்த. டி ஜிஆர்எஸ்,சி போட்டா இழுபறியில இருக்கிற எல்லாப் பெயரும் வரும். கன்சோல் இல்லாதவங்க டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன் உள்ளே போய் என்க்யூன்னு அடிச்சாலும் பார்க்கலாம். கேன்சல் பண்றதுக்கு முன்னாடி அவர் எடிட்ல இருக்காரா பிரவுஸ்ல இருக்காரான்னு எஸ்பிஎஃப்எடிட் பெயரையும் ஒரு தடவை தேடிப் பாருங்க. எடிட்ல இருந்தா சேவ் பண்ணாத வரிகள் இருக்கலாம்.